ஹெட்டரில் ஒரே வரி

"அண்ணா, தொட்டி காலி. திரையில 100ன்னு காட்டுது. மோட்டார் ஓடவே மாட்டேங்குது."

புதுச்சேரி லாஸ்பேட்டை ஆபீஸில் இன்று சாயங்காலம், புதிதாகச் சேர்ந்த பெண் முகம் வாடி நின்றாள்.

நீர்மட்டத்தை அளக்கும் சென்சார் கோடு சி பிளஸ் பிளஸ் மொழியில். மோட்டாரை ஓட்டும் பழைய கோடு சி மொழியில். மாறிகளையும் அவற்றைக் கையாளும் ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டிய கிளாஸ், சி-க்குத் தெரியாது. அதனால் கிளாஸுக்கு வெளியே யாரும் தொடக்கூடாத பிரைவேட் மாறிகளை அப்படியே ஸ்ட்ரக்ட்டாக, அதாவது சி-க்குத் தெரிந்த மாறித் தொகுப்பாக, நகலெடுத்து வைத்திருந்தோம்.

போன வாரம் கிளாஸின் தலையில் ஒரு இன்ட் (நாலு பைட் முழு எண்) சேர்த்தோம்: உச்ச அளவு, 100. நகலில் சேர்க்கவில்லை. முதல் நாலு பைட்டை நீர்மட்டம் என்றே சி படித்துக்கொண்டிருந்தது.

நகலை அழித்தோம். இப்போது சி கோடு படிக்கும் அறிவிப்புக் கோப்பான ஹெட்டரில் தொட்டிக்கு இருப்பது 'ஸ்ட்ரக்ட் தொட்டி;' என்ற பெயர் மட்டும். சி-யின் கையில் வெறும் பாயிண்டர், அதாவது மெமரி முகவரி. மட்டம் வேண்டுமா, சி-யும் கூப்பிடும்படி எக்ஸ்டர்ன் சி போட்ட ஃபங்ஷனைத்தான் கேட்க வேண்டும்.

அவள் வேண்டுமென்றே உள்ளே கை வைத்துப் பார்த்தாள். உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது என்ற பொருளில் 'இன்கம்ப்ளீட் டைப்' என்று, கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் மறித்தது. அந்த எரரைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு.

1979ல், சி பிளஸ் பிளஸை உருவாக்கிய ஸ்ட்ரூஸ்ட்ரப் சி-யின் மேல்தான் கிளாஸைக் கட்டத் தொடங்கினார். அவ்வளவு நெருங்கிய சொந்தம். ஆனாலும் பிரைவேட் என்ற காவல் கம்பைலர் இருக்கும் வரைதான். மெமரியில் அப்படி ஒரு சுவரே கிடையாது. எனக்கே இது உறைக்க வருஷங்கள் ஆயின.

அவளுக்கு ஒரே சாயங்காலம். மீதி ஹெட்டர்களையும் தானே மாற்றுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.