அண்ணன் இஞ்சி என்கிறார்

அக்டோபர் 13, ஞாயிறு

அண்ணனுக்கு மூளையில் கட்டி, அறுவை சிகிச்சை முடிந்து நாளையிலிருந்து ஆறு வாரம் கதிர்வீச்சு. அதற்காக எடுத்த கோயம்புத்தூர் பீளமேட்டு அறைக்கு மதியம் வந்து சேர்ந்தோம். ஒரு கட்டில், இரண்டு பாய், ஒற்றை அடுப்பு. நங்கை, அதாவது அண்ணி, வந்ததும் அடுப்பைத் துடைத்துத் திருநீறு வைத்து அரிசியும் பருப்பும் ஆக்கினார். அம்மா ஒரு சாக்குப் பை நிறைய சின்ன வெங்காயம் கொடுத்து அனுப்பியிருக்கிறார், ஆறு வாரத்துக்கும் வருமாம்.

கிளம்பும்போது அண்ணன் தோட்டத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். "அம்மணி, இஞ்சிக்குத் தண்ணி பாஞ்சுதா?" என்று கேட்டார். பாஞ்சுதுங்ண்ணா என்றேன். நம் தோட்டத்தில் இஞ்சியே கிடையாது, மஞ்சள்தான்.

அக்டோபர் 14, திங்கள்

30 கதிர்வீச்சில் 1.

மெஷினுக்குள் இருந்தது பத்துப் பதினைந்து நிமிஷம்தான். அதற்கு நாங்கள் விடியற்காலை நாலு மணியிலிருந்து தூங்கவில்லை. மாஸ்க் என்கிறார்கள், பார்த்தால் அது வெள்ளைப் பிளாஸ்டிக் வலை. போன வாரம் வெந்நீரில் போட்டு இளக்கி மூஞ்சி மேல் இழுத்துப் பிடித்து அச்செடுத்தார்கள், ஆறினதும் கெட்டியாகிவிட்டது. அதை மாட்டித் தலையை மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறார்கள், துளி அசையக்கூடாது. வெளியே வந்தபோது நெற்றியிலும் கன்னத்திலும் கட்டம் கட்டமாகத் தடம். நங்கை ஒன்றும் பேசாமல் முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்தார், ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிற மாதிரி.

உள்ளே என்னங்ண்ணா பண்ணுனீங்க என்று கேட்டேன். ஒன்றிலிருந்து எண்ணினாராம். பேச்சில் பல வார்த்தைகள் வருவதில்லை, எண்ணிக்கை மட்டும் தடங்கலில்லாமல் வருகிறது.

அக்டோபர் 17, வியாழன்

ராத்திரி இரண்டு மணிக்குப் பசி என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஸ்டீராய்டு. பச்சைப்பயறு கடைந்தது இருந்தது, சோறு போட்டுப் பிசைந்து கொடுத்தோம். மூன்று வட்டல் சாப்பிட்டார். சர்க்கரை 280. சாப்பிட வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அறுவை சிகிச்சைக்கு முந்தின மாதம் முழுக்க ஒரு வாய் இறங்காமல் கிடந்தவர்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மெஷின் கிடையாது, மாத்திரை மட்டும் உண்டு. டெமோசோலமைடு என்கிற கீமோ மாத்திரை, தினமும், 42 நாளும். 100 மி.கி. ஒன்று, 20 மி.கி. ஒன்று. அரை மணி நேரத்துக்கு முன்னால் வாந்தி மாத்திரை, வெறும் வயிறு, கேப்ஸ்யூலைப் பிரிக்கக்கூடாது, நாங்கள் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அண்ணன் மட்டும் அதை விழுங்க வேண்டும். இதை நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை.

இன்று வட்டலைத் தூக்கி எறிந்தார். ரிமோட்டைக் கேட்டார், அதற்கு வார்த்தை வரவில்லை, நான் டம்ளரைக் கொடுத்தேன், அப்புறம் கண்ணாடியைக் கொடுத்தேன். வலிப்பு மாத்திரையால் சிலருக்குக் கோபம் வரும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். நங்கை காயாத துணியை எடுக்கிறேன் என்று மாடிக்குப் போய்விட்டார். அண்ணன் கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு "போச்சாது போ" என்றார், பரவாயில்லை விடு என்று. அதை நானல்லவா அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 22, செவ்வாய்

7.

வெளியூருக்கு அனுப்பிய சோதனை முடிவு வந்துவிட்டது. மெத்திலேட்டட்! வராந்தாவிலேயே நங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். எம்ஜிஎம்டி என்று ஒரு மரபணு, மருந்து கட்டியின் செல்லில் உண்டாக்குகிற சேதத்தை அது சரிபண்ணி விட்டுவிடுமாம். அண்ணனுக்கு அது அடைபட்டிருக்கிறது, அதனால் மாத்திரை நன்றாகக் கேட்க வாய்ப்பு அதிகம்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அடைச்சிருந்தா நல்லதா, தொறந்திருந்தா நல்லதா கண்ணு?"

அடைச்சிருந்தாத்தானுங்மா நல்லது, மடை மாதிரி.

"அப்பச் சரி. அடைச்சே கெடக்கட்டும்."

அக்டோபர் 27, ஞாயிறு, ராத்திரி

போனில் தேடவே கூடாது என்று நங்கையிடம் சத்தியம் வாங்கினவள் நான். நானே தேடிவிட்டேன்.

14.6 மாதம்.

2005-ல் வந்த ஆய்வு, இந்தக் கட்டி வந்தவர்கள் எத்தனை மாதம் உயிரோடு இருந்தார்கள் என்று. 573 பேர். கதிர்வீச்சு மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்கு இடைநிலை அளவு 12.1 மாதம், கூடவே இந்த மாத்திரையும் எடுத்தவர்களுக்கு 14.6. இன்றைக்கும் அண்ணனுக்குக் கொடுக்கிற முறை அதே முறைதான், அதே ஆறு வாரம், அதே 30. அந்த 14.6-ஐப் பார்த்ததிலிருந்து விரல் மடக்கிக்கொண்டிருக்கிறேன். செப்டம்பரிலிருந்து எண்ணினால் எந்த மாதம், அண்ணன் மகள் பாப்பா அப்போது என்ன வகுப்பு, பையனுக்குப் பத்தாவது பரீட்சை முடிந்திருக்குமா. அசிங்கமாக இருக்கிறது, ஆனால் விரல் நிற்க மாட்டேன் என்கிறது.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் புள்ளியியல் நடத்துகிறவள். இடைநிலை அளவு என்றால் என்ன என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிக் காட்டுகிறேன். எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கிறவர். அவருக்கு அக்கட்டால பாதிப் பேர் நிற்கிறார்கள், அவர்கள் எவ்வளவு தூரம் வரைக்கும் நிற்கிறார்கள் என்று அந்த எண் சொல்லாது. இரண்டு வருஷம் தாண்டினவர்கள் முன்னால் நூற்றுக்குப் பத்துப் பேர், மாத்திரை வந்த பிறகு 26 பேர். அந்த 26-ல் ஒருவர் ஏன் எங்கள் அண்ணனாக இருக்கக்கூடாது? மடை அடைந்திருக்கிறது, வயது 44, கட்டியில் கண்ணுக்குத் தெரிந்ததை முழுக்க எடுத்துவிட்டேன் என்று டாக்டரே சொன்னார். இதெல்லாம் அந்தப் பக்கம் தள்ளுகிற விஷயங்கள்தான். நானாகச் சொல்லிக்கொள்வதில்லை, நிஜமாகவே அப்படித்தான்.

மணி மூன்று. அண்ணன் எழுந்துவிட்டார், பசி.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி, மெஷின் லீவு. ஊருக்குப் போய் வந்தோம். அம்மா கச்சாயம் சுட்டிருந்தார், பாதி மட்டும் கொடுத்தோம். எண்ணெய் வைக்க உட்கார்ந்தபோது அம்மா கைக்கு முடி கொத்தாக வந்தது. அம்மா அதை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு தலைக்கு ஊற்றிவிட்டார். அண்ணனுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

மதியம் மஞ்சளுக்குள் போனார். இலைப்புள்ளி விழுந்திருக்கிறது. இலையைத் திருப்பிப் பார்த்து, எந்த மருந்து, எந்தப் பக்கமிருந்து அடிக்கணும் என்று பண்ணையத்து ஆளுக்குக் கையாலேயே காட்டினார். ஒரு தப்பில்லை. பெயர் மட்டும்தான்.

நவம்பர் 6, புதன்

மெஷின் பழுது. காலையிலிருந்து நாலு மணி வரை உட்கார வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் தள்ளினால் ஒன்றும் ஆகாது, கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சரி. ஆனால் இந்த ஒரு நாளில் அது வளர்ந்துவிடாதா என்று என் மண்டைக்குள் ஓடுவதை யாரிடம் கேட்பது.

நவம்பர் 7, வியாழன்

17. ஓடுகிறது.

நவம்பர் 11, திங்கள்

19. அறைக்கு ஒறம்பரை. பெரிய மாமா பப்பாளி இலைச் சாறு, சின்ன மாமா முள்சீத்தா, பங்காளி வீட்டிலிருந்து ஒரு சூரணம், எதில் என்ன இருக்கிறது என்று கொண்டு வந்தவருக்கே தெரியாது. எதுவும் கொடுக்க வேண்டாம், மாத்திரையோடு சேர்ந்து கல்லீரலைக் கெடுத்தால் மாத்திரையையே நிறுத்த வேண்டி வரும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னதும் மாமாவுக்கு மூஞ்சி விழுந்துவிட்டது. பஸ் ஏறி இலை பறித்துச் சாறெடுத்துப் பாட்டிலில் ஊற்றிக் கொண்டு வந்தவரை எப்படிக் குறை சொல்வது. வாங்கி வைத்தேன். அப்புறம் கீழே ஊற்றினேன்.

மாமா அண்ணனைப் பார்த்ததும் அழுதுவிட்டார். அண்ணன் அவர் தோளைத் தட்டி, "போச்சாதுங் மாமா, சாப்டீங்ளா?" என்றார். தெளிவாக, முழுசாக. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் கேட்டேன். வாழ்நாள் முழுக்க சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தைகள் வேறு வழியில் வருமாம், வணக்கம், எண்ணிக்கை, சாமி பேர் எல்லாம். அப்படியானால் மஞ்சளை அவர் சொல்லாத நாள் உண்டா? 20 வருஷமாக அவர் வாயில் வேறு என்ன இருந்தது?

நவம்பர் 14, வியாழன்

22. பிளேட்லெட் 1,08,000. ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

நவம்பர் 15, வெள்ளி

1,08,000. 1,08,000.

நவம்பர் 18, திங்கள்

1,16,000. முருகா.

நவம்பர் 21, வியாழன்

27. அண்ணனுக்கு ஒரே அசதி, நாள் முழுக்கத் தூக்கம். தலையின் இடது பக்கம் கருத்துவிட்டது. அம்மா போனில் சிவன்மலை முருகன் கோயிலைப் பற்றியே பேசுகிறார். ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் இப்போது என்ன வைத்திருக்கிறது, அடுத்து யார் கனவில் வரும். பக்தர் ஒருவர் கனவில் ஒரு பொருள் வந்து, கோயிலில் பூப் போட்டுக் கேட்டு உத்தரவானால் அதைத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். தன் கனவில் ஆண்டவன் வந்து ஏதாவது சொல்லுவார் என்று அம்மா ஒரு மாதமாகச் சீக்கிரமே படுக்கிறார். கனவே வரவில்லையாம்.

நவம்பர் 26, செவ்வாய்

30.

மாஸ்க்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் அதைத் தன் மூஞ்சிக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். மூக்கு, தாடை எல்லாம் அப்படியே அவர். காரில் புளியம்பட்டி தாண்டும் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தேன். வீட்டுக்குள் வேண்டாம் என்றார் அம்மா. அப்புறம் அவரே மஞ்சப்பையில் போட்டுக் கட்டி அட்டத்தில் வைத்துவிட்டார்.

டிசம்பர் 12, வியாழன்

குகேஷ் ஜெயித்துவிட்டான்! பையன் மதியத்திலிருந்து போனை விடவில்லை, சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம், இவன் வீட்டு ஆசாரத்தில் செஸ் போர்டை விரித்து அங்கே நகர்த்த நகர்த்த இங்கேயும் நகர்த்துகிறான். அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். எதிராளி டிங் லிரன் யானையை நகர்த்தினதும் பையன் துள்ளிக் குதித்தான், எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, அண்ணன் மட்டும் எழுந்து உட்கார்ந்து, வெட்டு வெட்டு என்று விரலால் காட்டினார். 18 வயது, உலக சாம்பியன், அந்தப் பையன் அழுததைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லோரும் ஒட்டுக்கா அழுதோம். வேறு எதற்கெல்லாமோ சேர்த்து அழுதோம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அப்பனும் மகனும் ஒரு ஆட்டம். குதிரைக்குப் பேர் வரவில்லை, யானைக்குப் பேர் வரவில்லை. 31 நகர்த்தலில் மகனை மடக்கிவிட்டார்.

டிசம்பர் 26, வியாழன்

எம்ஆர்ஐ. வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொன்னார்கள். இடுப்பு வெறுமையாக இருக்கக்கூடாது என்று அம்மா கறுப்புக் கயிறு கொண்டுவந்திருந்தார், அதை முதலில் கட்டிவிட்டுத்தான் இதைக் கழற்ற விட்டார். அரைஞாணை நங்கை உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்திருந்தார், முக்கால் மணி நேரமும்.

டிசம்பர் 28, சனி

ரிப்போர்ட் வரவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

அம்மாவுக்குக் கனவு வந்திருக்கிறது. என்ன என்று சொல்ல மாட்டேன் என்கிறார்.

டிசம்பர் 30, திங்கள்

படத்தில் ஒரு ஓரத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. அறுவை சிகிச்சை முடிந்து எடுத்த படத்தில் அது இல்லை. டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கதிர்வீச்சு முடிந்த முதல் சில மாதங்களில் அந்த இடம் வீங்கி, கட்டி வளர்ந்த மாதிரியே தெரியும், பிறகு தானாக அடங்கிவிடுவதும் உண்டு, இந்த மருந்து நன்றாகக் கேட்கிறவர்களுக்கு அப்படித் தெரிவது அதிகம் என்கிறார். நிஜமாகவே வளர்வதாகவும் இருக்கலாம். இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு மாதம் கழித்து இன்னொரு படம்.

அது வீக்கம்தான். அண்ணன் நடை நன்றாக இருக்கிறது, தலைவலி இல்லை, போன வாரம் தானே ஷேவ் பண்ணினார். வளர்கிறதென்றால் இதெல்லாம் எப்படி? நங்கையும் அதையேதான் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காமல் சொல்லிக்கொண்டோம், ஆனால் நம்பித்தான் சொன்னோம்.

இன்றிலிருந்தே அடுத்த கட்டம். ஐந்து நாள் மாத்திரை, 23 நாள் சும்மா. அளவு இரட்டிப்பு, 240 மி.கி. இப்படி ஆறு தடவை.

ஜனவரி 2, வியாழன்

மூன்று தடவை வாந்தி. இளநீர் மட்டும் தங்கியது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானையில் கட்ட மஞ்சள் கொத்து பிடுங்க யாரை அனுப்புவது என்று யோசிப்பதற்குள் அண்ணனே மண்வெட்டியோடு போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். ஒரு குத்து போட்டு, தூரைப் பிடித்து ஆட்டி எடுத்தார். ஈர மண்ணை உதறினதும் விரலி விரலியாக, அழுகல் இல்லை, நல்ல திரட்சி. மோந்து பார்த்தார். எனக்கு நீட்டினார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லிக்கொடுத்த மாதிரி, "ம..." என்று மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணினேன். அண்ணன் என் வாயையே பார்த்தார். உதட்டைச் சேர்த்தார், பிரித்தார், திரும்பச் சேர்த்தார். வரவில்லை. நான் தோற்ற மாதிரி நின்றேன். அவர் கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, "நல்ல இஞ்சி அம்மணி" என்றார், அவ்வளவு சந்தோஷமாக.

வீட்டில் பாப்பா வாங்கிப் பானைக் கழுத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "அத்தை, இஞ்சியைக் கட்டுங்க, நழுவுது" என்கிறாள். யாரும் திருத்தவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

மஞ்சள் செடியின் தாள் காய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அறுத்துவிட்டு, தண்ணீர் காட்டி, அடுத்த வாரம் வெட்டலாம் என்று ஆள் சொல்லியாச்சு. ஏழு பேர் வருகிறார்கள். அண்ணன் தானும் நிற்பேன் என்கிறார், வெயிலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் மட்டும் என்று நங்கை ஒத்துக்கொண்டிருக்கிறார்.

நாளைக்கு ரத்தப் பரிசோதனை. போன தடவை 1,41,000.