அரை ஏக்கர் ஹெம்ப் கேட்டால் என்ன குற்றம்?

அணையில் தண்ணீர் இல்லை, கார் பருவ நெல்லுக்குத் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டால், தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயில் கடைமடையில் இருக்கிற எங்களுக்கு அடுத்த நெல் பருவமான பிசானம் வரைக்கும் வயலில் வேலை கிடையாது. நடுவில் ஒரு மழை விழுந்தால் பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைப்பேன். 45 நாளில் மஞ்சளாகப் பூ எடுத்ததும் மடக்கி உழுதுவிட வேண்டியதுதான். மண்ணுக்கு நல்லது, பைக்கு ஒன்றும் வராது.

அதனால்தான் தொழில்துறைக் கஞ்சா, அதாவது ஹெம்ப் என்கிற பயிர் மேல் எனக்கு ஒரு கண். சித்தப்பாவிடம் பேச்செடுத்தேன். "ஏல, வாழை போட்டுக் கடன்காரனானது பத்தாதா? ஜெயிலுக்கு வேற போணுமா?" என்றார். பாளையங்கோட்டை ஜெயில் பக்கத்திலேயே இருக்கிறது, பயப்படத்தான் செய்வார்.

செடி ஒன்றுதான், ஆனால் வளர்ப்பு வேறு. போதைக்கு வளர்ப்பவன் இடைவெளி விட்டு நட்டு, கிளை பரப்பி, பெண் பூவைக் காப்பாற்றுவான். நாருக்கு விதைப்பவன் நெருக்கி விதைப்பான். கிளை விட இடமில்லாமல் செடி நேராக ஆளுயரம் தாண்டி எழும்பும். போதை தரும் டிஹெச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உத்தரகாண்டில் வைத்திருக்கும் வரம்பு. ஹெம்ப் வயலுக்குள் கஞ்சாவை ஒளித்து வளர்த்துவிடுவார்களே என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம்: ஹெம்ப் மகரந்தம் காற்றில் வெகுதூரம் பறக்கும். அது பட்டால் கஞ்சாப் பூவெல்லாம் விதை பிடித்துவிடும், அந்தச் சரக்கை எவனும் நல்ல விலைக்கு வாங்க மாட்டான். ஹெம்ப் வயலைப் பார்த்து முதலில் ஓட வேண்டியவன் கஞ்சாக்காரன்தான்.

சட்டமும் முழுசாக அடைத்து வைக்கவில்லை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, நாருக்காகவோ விதைக்காகவோ பயிரிட அரசு அனுமதிக்கலாம் என்கிறது. உத்தரகாண்ட் அந்த வழியில்தான் போனது. 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக ஏற்றுக்கொண்டது. நம் மாநிலம்தான் இன்னும் வாசலிலேயே நிற்கிறது.

சணப்புத் தட்டையைக் குளத்தில் ஊறப்போட்டு நார் உரித்தவர்களுக்கு ஹெம்ப் புதுசாகவே இருக்காது. ஊறுகிறபோது கிட்டே போக முடியாது, அப்படி ஒரு நாற்றம். வேர்ப் பக்கம் நகத்தால் கிளப்பிவிட்டு இழுத்தால் பட்டை நீளமாக, வழவழவென்று கையோடு வந்துவிடும். உள்ளே வெள்ளைக் குச்சி நிற்கும். ஹெம்பிலும் இதே கதைதான். வெளிநாரில் கயிறு, துணி, காகிதம். விதையில் எண்ணெய் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு வரும். பிழிந்த பிண்ணாக்கில் புரதம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த உள் குச்சிதான். அதைத் துணுக்காக்கிச் சுண்ணாம்போடு குழைத்துச் சுவர் எழுப்புகிறார்கள். பாரம் தாங்காது, அதற்குத் தனியாகத் தூண் வேண்டும். ஆனால் வெயிலை உள்ளே விடாது. சித்திரையில் கான்கிரீட் வீட்டுக்குள் இரவு முழுக்கப் புரண்டு கிடக்கிற நமக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எல்லோராக் குகைகளின் மண்பூச்சிலேயே இந்தச் செடி கலந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் போட்டுச் சாந்து அரைத்த ஊர் இது; தாழையூத்தில் சுண்ணாம்புக் கல்லும் கிடக்கிறது.

சரி, இவ்வளவு நல்லதென்றால் அனுமதி வந்த மறுநாளே விதைத்துவிடலாமா? கூடாது. ஹெம்ப் பகல் நீளத்தைப் பார்த்து வளர்கிற செடி. பகல் நீண்டிருக்கும்வரை உயரும், குறைந்தால் பூத்துவிடும். நம் ஊரில் ஆனி மாதத்தில்கூடப் பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் விதை வாங்கிப் போட்டால் குட்டையாக நிற்கும்போதே பூத்துவிடும், நார் தேறாது. யூடியூபில் ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று கூவுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. தாய்லாந்தின் வடக்கு மலைகளில் ஹ்மாங் மக்கள் இதில் துணி நெய்கிறார்கள். அங்கே தேர்ந்தெடுத்த ரகங்கள் நமக்குக் கொஞ்சமாவது பக்கம். அதிலும் டிஹெச்சி எவ்வளவு ஏறுகிறது என்று இங்கேயே விதைத்துப் பார்த்தால்தான் தெரியும். வரம்பு தாண்டினால் பயிரை அழிக்கத்தான் வேண்டும், அந்த நஷ்டத்தை விவசாயி தலையில் கட்டக் கூடாது.

இன்னொன்று, சணப்பு போல இது காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்து மண்ணில் சேர்க்காது. உரம் கேட்கும். தண்ணீர் தேங்கினாலும் ஆகாது. என் களிமண் வயலைவிட நாங்குநேரி, களக்காடு பக்கத்துச் செம்மண் கிணற்றுப் பாசனத்துக்குத்தான் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அம்பை 16 நெல்லைக் கொடுத்த ஆராய்ச்சி நிலையம் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறது, கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. இரண்டில் ஒரு இடத்தில் வேலி போட்டு, காவல் வைத்து, அரை ஏக்கரில் நாலைந்து ரகம் விதைத்துப் பார்க்கட்டும். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்க மனு எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட இதுவரை இரண்டு பேர் சம்மதித்திருக்கிறார்கள், சித்தப்பா அதில் இல்லை.