எமிலி காரின் ஊரில்: விக்டோரியா பயணம்

கப்பலைவிட்டு இறங்கியதுமே ஒரு டாக்சிக்காரர் பிடித்துக்கொண்டார். ஊருக்குள் போக எண்பது டாலராம். மீட்டர் போடுங்கள் என்றதற்கு, "இந்த நேரத்தில் பஸ் கிடையாது" என்று கூசாமல் பொய் சொன்னார். கொஞ்ச நேரத்தில் 70ஆம் எண் மாடி பஸ் வந்து நின்றது! வான்கூவரிலிருந்து விக்டோரியா வருபவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: ஸ்வார்ட்ஸ் பே துறையிலிருந்து ஊர் முப்பது கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் சில்லறைக் காசில் முடிந்துவிடும். கனடாவில் தங்கும் செலவே முழி பிதுங்க வைக்கிறது, டாக்சிக்கும் அழ முடியாது.

நான் வந்தது எமிலி கார் (Emily Carr) என்ற ஓவியருக்காக. 1871இல் இந்த ஊரில் பிறந்தவர். வான்கூவர் கலைக்கூடத்தில் அவர் 1935இல் வரைந்த ஒரு படத்தின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. வெட்டித் தீர்த்த காடு, கீழே அடிக்கட்டைகள். நடுவில் ஒல்லியாக ஒரே ஒரு மரம், உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை. பலகைக்கு உதவாது என்று விட்டுவைத்த மரம். அதைச் சுற்றித்தான் வானம் வளையம் வளையமாக ஒளிவிடுகிறது. அச்சில் பார்த்தால் இதில் பாதிகூடத் தெரியாது.

கவர்ன்மென்ட் தெருவில் அவர் பிறந்த வீடு இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் துறைமுகத்திலிருந்து நடந்தே போகலாம். ஆனால் என்னை உலுக்கியது பக்கத்திலேயே சிம்கோ தெருவில் இருக்கும் இன்னொரு வீடு. அதைக் கட்டுவதற்கு முன் வான்கூவரில் அவர் ஓவிய டீச்சராக இருந்தார். புகை பிடிக்கிறார், கடுமையாகப் பேசுகிறார் என்று படிக்க வந்த சீமாட்டிகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. குழந்தைகளோ குவிந்தார்கள். அந்தச் சம்பாத்தியத்தைச் சேர்த்துத்தான் 1910இல் பிரான்சுக்குப் படிக்கப் போனார். திரும்பிவந்து பளீர் வண்ணங்களில் வரைந்தால் வாங்க ஆளில்லை. 1913இல் இந்த வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டார். அப்புறம் சுமார் பதினைந்து வருடம் குடித்தனக்காரர்களோடு மாரடித்தார். நாய் வளர்த்து விற்றார், மண்பாண்டம் செய்தார், படம் வரைந்தது மிகக் குறைவு. இப்படி ஒரு கலைஞரை அடுப்படியில் போட்டு வைத்த ஊர், இன்று துறைமுகத்தில் வளர்ப்புக் குரங்கோடும் நாயோடும் அவருக்குச் சிலை வைத்திருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது.

1927இல் ஒட்டாவா தேசியக் கலைக்கூடத்தில் அவர் படங்கள் இடம்பெற்றன. அந்தப் பயணத்தில் லாரன் ஹாரிஸ் போன்ற ஓவியர்களின் நட்பு கிடைத்தது. அப்போது அவருக்கு 55 வயது. அவர் பேர் சொல்லும் படங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வரைந்தவைதான்! கான்வாஸுக்குக் காசு இல்லாததால் மலிவான பழுப்புத் தாளை வாங்கி, எண்ணெய் வண்ணத்தில் பெட்ரோல் கலந்து வரைந்தார். சீக்கிரம் காயும், கையும் வேகமாக ஓடும். ஒரு பழைய கேரவனைக் காட்டோரம் இழுத்துப்போய் நிறுத்தி, அதிலேயே தங்கி வரைந்தார்.

பீக்கன் ஹில் பூங்காவின் கடலோரத்துக்கு அவசியம் போங்கள், டிக்கெட் கிடையாது. ரொட்டியும் வாழைப்பழமும் கையில் எடுத்துக்கொண்டால் மதியச் செலவும் மிச்சம். சிலையோடு செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், வான்கூவரில் அந்தப் படங்களை நேரில் பார்த்துவிட்டு இந்த ஊருக்கு வாருங்கள்.