மாம்பழச்சிட்டும் ஒரு ரிப்போர்ட்டும்

ஜூலை 5
ரிப்போர்ட் வர நாளாகும் என்கிறார்கள். சரி.

மாடி ஜன்னலுக்கு நேரே வேம்பு. உள்ளேயிருந்து ஒரு விசில். நீளமாக இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் சட்டென்று இறங்குகிறது. ஆளைத்தான் காணோம்.

ஜூலை 6
மாம்பழச்சிட்டு! அடிவயிறு வரை பளீர் மஞ்சள், தலையும் முதுகும் கருப்பு, கருத்த இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டை. பெட்டையும் கூடவே இருக்கிறது. பச்சையும் மஞ்சளுமாக அது இலைக்குள் நின்றால் கண்டுபிடிக்க முடியவில்லை.

காபி கொண்டுவந்த அண்ணி எட்டிப் பார்த்து, "மாங்குயில்தானே?" என்றார். மாங்குயில் மைனா அளவு இருக்குமே அண்ணி, இது சிட்டுக்குருவி அளவுதான். "அப்ப மாம்பழம் திங்குமா?" திங்காது. புழு, பூச்சி, சிலந்தி. "அப்புறம் எதுக்கு இந்தப் பேரு?" நிறத்தைப் பார்த்து வைத்திருப்பார்கள் என்று சொல்வதற்குள் கழுத்துத் தையல் சுரீரென்று இழுத்தது. பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 8
ஆண் இன்று கிளையிலிருந்து நேராக மேலே எழும்பி, இடுப்பின் வெள்ளை இறகுகளை உப்பவிட்டு, பந்துபோலச் சுழன்று இறங்கியது. பெட்டை திரும்பியே பார்க்கவில்லை. ஒரு புழுவைக் கிளையில் அடித்துக்கொண்டிருந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன், வலித்தது.

ஜூலை 9
ரிப்போர்ட் இல்லை.

ஜூலை 11
கூடு கட்டுகின்றன. மேல்கிளை இரண்டாகப் பிரியும் கவட்டில், என் கண்மட்டத்துக்கே. பெட்டை மெல்லிய நாரோடு வந்து வைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து மார்பை அழுத்தி அழுத்திச் சுற்றுகிறது. அப்புறம் வாய் நிறையச் சிலந்தி நூல். அலகை வெளிப்பக்கம் தேய்த்துத் தேய்த்து ஒட்டுகிறது. நூல் அலகிலேயே ஒட்டிக்கொண்டால் தலையை உதறி, மறுபடி தேய்க்கிறது. ஜன்னல் மூலை நூலாம்படையைத் துடைக்க வந்த அண்ணியைத் தடுத்துவிட்டேன். வந்து எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். இதுவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 14
கீழ்வீட்டு மாமா குண்டைத் தூக்கிப் போட்டார். கரண்டுக் கம்பியில் உரசும் கிளைகளை வெட்ட ஆள் வருகிறார்களாம். எந்தக் கிளை என்று கேட்டால் "எல்லாந்தான்" என்கிறார். கூட்டுக்கிளைக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு கை நீளம் இருக்குமா? காலையிலிருந்து இதே கணக்கு. கம்பி காற்றில் ஆடும்போது இன்னும் நெருங்குகிறது. காக்கை இருக்கிறது, செம்போத்து இருக்கிறது, பாம்பு இருக்கிறது. முதுகில் கோடு கோடாக ஒரு சின்னக் குயில் வேறு, இதன் கூடாகப் பார்த்து முட்டை போட்டுவிட்டுப் போகுமாம். இத்தனைக்கும் தப்பி வந்து அரிவாளுக்கா? மாமாவிடம் மறுபடி பேச வேண்டும். யார் பேசுவது, எனக்குத்தான் குரலே எழும்பவில்லை.

ஜூலை 16
அண்ணி பேசிவிட்டு வந்தார். "பார்க்கலாம்" என்றாராம். இந்த வார்த்தையை ஆஸ்பத்திரியிலேயே போதுமான அளவு கேட்டாயிற்று.

ஜூலை 18
இரவு தூக்கமில்லை. போனில் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1758-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. அந்த விசிலை ஒருமுறைகூடக் கேட்காமல்!

கழுத்தைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. தொட்டேன்.

ஜூலை 21
அடைகாக்கிறார்கள். காலையில் பெட்டை, மதியம் பார்த்தால் ஆண். மாறும்போது வந்தது விளிம்பில் நிற்கும், உள்ளே இருப்பது அவசரமே இல்லாமல் எழும். குஞ்சு பொரிக்க இரண்டு வாரம் போலாகும். அதற்குள் ரிப்போர்ட் வராமலா போகும்?

ஜூலை 22
அண்ணன் லேப்புக்குப் போன் செய்தான். லைன் கிடைக்கவில்லை.

ஜூலை 24
செம்போத்து! புங்கை மரத்திலிருந்து தத்தித் தத்தி வேம்புக்கு வந்துவிட்டது. கைதட்டினேன், தண்ணீர்க் குவளையை ஜன்னல் கம்பியில் அடித்தேன். போய்விட்டது. பயத்தில் சிட்டும் பறந்துவிட்டது. திரும்ப வந்து உட்காரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ஜூலை 25
மழை. வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறது.

ஜூலை 26
இனப்பெருக்கம் முடிந்ததும் ஆணின் முதுகுக் கருப்பு போய், கிட்டத்தட்டப் பெட்டை மாதிரி ஆகிவிடுமாம். இறக்கையும் வாலும் மட்டும் கருப்பாக இருக்குமாம். அப்புறம் மற்றச் சின்னப் பறவைகளோடு சேர்ந்து மரம் மரமாக இரை தேடிப் போகுமாம். அந்த நிறத்திலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஜூலை 28
நாளைக்கு நேரில் வரச் சொல்கிறார்கள். ஒன்றுமில்லையென்றால் போனிலேயே சொல்லியிருக்க மாட்டார்களா? "எல்லோரையும்தான் கூப்பிடுவாங்க" என்கிறான் அண்ணன். இருக்கலாம். கிளை வெட்ட ஆள் வந்தால் என்ன சொல்ல வேண்டும், எந்தக் கிளை, எந்தக் கவடு என்று அண்ணிக்குப் படமே போட்டுக் கொடுத்துவிட்டேன். படத்தில் கம்பியைப் போட விட்டுவிட்டேன்.