லைப்சிக்கில் ஜெர்மன் வகுப்பு: முதல் நாட்கள்

ஜெர்மன் படிக்கப் போகிறேன் என்றதும் பெர்லினா, மியூனிக்கா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நான் போனது லைப்சிக். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, பாடம் முழுக்க ஜெர்மனில். அதற்கு முன்னால் கோடையில் ஒரு தீவிர மொழி வகுப்பில் சேர்ந்துகொண்டேன்.

வெளிநாட்டு மாணவர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுப்பதில் இந்த ஊருக்கு நல்ல அனுபவம் உண்டு. கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த காலத்தில், 1956-இல், இங்கே பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 1961-இல் அதற்கு ஜெர்மன் சிந்தனையாளர் ஹெர்டரின் பெயர் வந்தது. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த மாணவர்கள் முதலில் இங்கே மொழி படித்துவிட்டுத்தான் மற்ற ஊர்களுக்குப் பிரிந்து போவார்கள். நான் சேர்ந்தது அது இல்லை, சின்னப் பள்ளி. ஆனாலும் ஊருக்கே அந்தப் பழக்கம் இருக்கிறது. கடையில் நாம் திணறினால் காத்திருந்து, சொல்லி முடிக்க விடுகிறார்கள்.

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் மூன்று, மூன்றரை மணி நேரப் பயணம். லைப்சிக் ரயில் நிலையமே பார்க்க வேண்டிய இடம். முகப்பு மட்டும் 298 மீட்டர். 1915-இல் கட்டி முடித்தபோது பாதி பிரஷ்ய அரசின் ரயில்வேக்கு, பாதி லைப்சிக் இருக்கும் சாக்சனியின் ரயில்வேக்கு என்று பிரித்துக்கொண்டார்களாம். அதனால்தான் ஒரே மாதிரி இரண்டு நுழைவு மண்டபங்கள்.

தங்கியது ஓர் ஓய்வுபெற்ற நூலகர் வீட்டில். முதல் நாளே எந்தக் குப்பை எந்தத் தொட்டியில் என்று காட்டினார்: காகிதம் நீலத்தில், பிளாஸ்டிக் பொதிகள் மஞ்சளில், காய்கறித் தோல் பழுப்பில். காலி பாட்டிலைத் தூக்கிப் போடக் கூடாது, பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் கட்டியிருக்கிறோம், கடையில் திருப்பிக் கொடுத்தால் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது, அவசரம் என்றால் ரயில் நிலையத்துக்குள் இருக்கும் மளிகைக் கடைக்குப் போகலாம். இரவுச் சாப்பாடு பெரும்பாலும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான், அடுப்பு பற்றவைப்பதில்லை. நான் சைவம் என்று தெரிந்ததும் ஒரு நாள் வேகவைத்த உருளைக்கிழங்கோடு கட்டித் தயிர் போன்ற குவார்க்கும், மேலே ஆளிவிதை எண்ணெயும் ஊற்றிக் கொடுத்தார். அவ்வளவு ருசி. இன்னொரு நாள் பருப்பு சூப்பில் வினிகர் விட்டார். புளிப்பு நாக்குக்குப் பட்டதும் வீட்டு நினைவு வந்துவிட்டது.

வகுப்பு காலை ஒன்பதுக்குத் தொடங்கி மதியம் வரை. முதல் நாள் எழுத்துத் தேர்வு, அப்புறம் ஆசிரியரோடு சிறு உரையாடல். என்னை பி1 என்கிற இடைநிலை வகுப்பில் போட்டார்கள். வியட்நாமிலிருந்து வந்த நர்ஸ், சிரியா பல் மருத்துவர், பிரேசிலில் செல்லோ வாசிக்கிறவர், அமெரிக்க மாணவர்கள் சிலர். வகுப்புக்குள் ஜெர்மன் மட்டும்தான், இடைவேளையிலும் முடிந்தவரை அதேதான். அறிமுகம் முடிந்த கையோடு ஆசிரியர் பாடத்துக்குள் போய்விட்டார்.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதவே வைத்தது. சென்னையில் ஏ1, ஏ2 என்கிற தொடக்க நிலைகளைப் படித்தபோது எல்லாம் ஆங்கிலம் வழியாகத்தான். புத்தகம் ஆங்கிலம், விளக்கம் ஆங்கிலம், நான் எழுதிய குறிப்பும் ஆங்கிலம். லைப்சிக்கில் ஆங்கிலத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் தமிழ் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் வாரத்தில் ஆசிரியர் டேட்டிவ் என்கிற வேற்றுமையைக் கையில் எடுத்தார். தமிழில் அது நான்காம் வேற்றுமை, நம் 'கு' உருபுதான். குளிர்கிறது என்று சொல்ல ஜெர்மனில் 'மிர் இஸ்ட் கால்ட்'. அமெரிக்க மாணவர்கள் 'நான் குளிராக இருக்கிறேன்' என்கிற மாதிரியே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எனக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. 'எனக்குக் குளிர்கிறது' என்றுதானே பிறந்ததிலிருந்து சொல்கிறோம்? 'லைப்சிக் கெஃபெல்ட் மிர்' என்பதும் அப்படியே: லைப்சிக் எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு மொழியிலும் அந்த அனுபவம் எனக்கு நேர்கிறது, நான் செய்வதில்லை.

அடுத்து துணை வாக்கியம். 'என்று', 'ஏனென்றால்' வகைச் சொற்கள் வந்தால் ஜெர்மனில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். என் தம்பி நாளை சென்னையிலிருந்து வருகிறான் என்பதில் 'வருகிறான்' எங்கே நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் அதே பொருளுள்ள ஜெர்மன் 'கொம்ட்'டும் நிற்கிறது. மற்றவர்கள் வினைச்சொல்லைப் பிடித்து இழுத்துக் கடைசியில் வைக்கப் பழகிக்கொண்டிருந்தபோது, நான் தமிழில் நினைத்து அந்த வரிசையிலேயே சொல்லிப் பார்த்தேன். பெரும்பாலும் சரியாக வந்தது.

எல்லாவற்றுக்கும் தமிழ் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் டேர், டீ, டாஸ் என்று மூன்று பால். மேசை ஆண், விளக்கு பெண், சிறுமியைக் குறிக்கும் சொல்லோ அஃறிணை! உயர்திணை அஃறிணை பழகிய மனதுக்கு இது ஒட்டவே இல்லை. ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, மூன்றாவதற்குப் பச்சை என்று மை மாற்றி எழுதி மனப்பாடம் செய்வதுதான் வழி, வேறு குறுக்குவழி இல்லை.

வகுப்பு ஜெர்மன் ஒன்று, தெரு ஜெர்மன் ஒன்று. சாக்சனிக்காரர்கள் ஆமாம் என்பதற்கு 'நு' என்கிறார்கள். ப-வும் ba-வும் அவர்கள் வாயில் ஒன்றாகிவிடும், த-வும் da-வும், க-வும் ga-வும் அப்படித்தான். எந்த எழுத்து என்று சந்தேகம் வந்தால் 'மெல்லிய பே', 'வலிய பே' என்று அவர்களே பிரித்துச் சொல்லிக்கொள்வார்கள். ஒரே 'ப'வை இரண்டு விதமாக ஒலித்துப் பழகிய நமக்கு இது அவ்வளவு அந்நியமாக இல்லை. நேரம் சொல்வதும் கிழக்கில் தனி. 'ஃபீர்டல் நொய்ன்' என்றால் எட்டேகால், 'ட்ரைஃபீர்டல் நொய்ன்' என்றால் எட்டேமுக்கால். லைப்சிக் வருகிறவர்கள் இதை முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஒரு மாலை நிக்கோலாய் தேவாலயம் போய்விட்டு வந்தேன். எங்கே போனாய் என்று கேட்ட வீட்டுக்கார அம்மா, சாப்பாட்டு மேசையில் 1989 அக்டோபர் 9 பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். திங்கட்கிழமைப் பிரார்த்தனை முடிந்து சுமார் 70,000 பேர் கிழக்கு ஜெர்மனி அரசை எதிர்த்து, நகர மையத்தைச் சுற்றிய வளையச் சாலையில் நடந்த இரவு. சுட உத்தரவு வரும் என்று ஊரே பயந்திருந்தது, ஆனால் ஒரு குண்டும் வெடிக்கவில்லை. அடுத்த மாதம் பெர்லின் சுவர் திறந்தது. அந்தக் கூட்டத்தில் இவரும் நடந்திருக்கிறார். நடந்ததைப் பேச்சில் சொல்லும்போது ஜெர்மனில் முக்கிய வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். போனோமா, நின்றோமா, திரும்பினோமா என்பது முடியும்போதுதான் தெரியும். தமிழில் கதை கேட்கிறவருக்கு அந்தக் காத்திருப்பு பழக்கம்தானே? முழுக் கதையும் புரிந்தது. முடித்ததும், இனிமேல் தன்னை 'நீ' என்றே சொல்லலாம் என்றார். அங்கே வயதில் மூத்தவர்தான் அதற்கு அனுமதி தர வேண்டும். பெரியவர்களை 'நீ' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அம்மாவிடம் மட்டும் நான் 'நீ'தான். அப்படி நினைத்துக்கொண்டேன், வந்துவிட்டது.

ஞாயிறு ஹாலே போனேன், உள்ளூர் ரயிலில் அரை மணி, கொஞ்சம் கூட ஆகலாம். 2023 மே மாதம் வந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் என்கிற மாதச் சீட்டு இருந்தால் தனிச் சீட்டு வேண்டாம். அங்கே ஃபிராங்க்கே அறநிலையம் 1698-இல் அனாதை இல்லமாகத் தொடங்கியது. தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு படித்த ஊர் ஹாலே. 1706 ஜூலையில் வந்திறங்கியவர், திண்ணைப் பள்ளியில் குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். தொடக்கத்தில் அவர் கையில் இலக்கணப் புத்தகம் இல்லை. கேட்டதையே பிடித்துக்கொண்டு படித்தவர். 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. இந்த அறநிலையத்தின் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் இருக்கின்றன.

மறுநாள் வகுப்பில் ஒரு செய்தித்தாள் துண்டைக் கொடுத்தார்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரு முழு வாக்கியத்தையே சுருக்கி வைக்கும் நடை, பி1 வகுப்பையே கலங்கடிக்கிற விஷயம். 'டாஸ் ஃபொன் மைனெம் ஃபாட்டர் கெபவுட்டே ஹவுஸ்'. என் அப்பாவால் கட்டப்பட்ட வீடு. பெயரெச்சம்! பலகையில் தமிழிலும் எழுதிக் காட்டச் சொன்னார் ஆசிரியர். அடியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஜெர்மனை எழுதினேன், வரிசை ஏறக்குறைய அப்படியே பொருந்தியது.

வகுப்பு முடிந்ததும் வியட்நாம் நர்ஸ் தனக்கு வந்திருந்த அரசாங்கக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். முழுக்க அதே நடை. கடைசிப் பெயர்ச்சொல்லைப் பிடித்துப் பின்னோக்கிப் போய் ஒவ்வொரு வரியாக இருவரும் பிரித்தோம். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: என்ன கொண்டுவரச் சொல்கிறார்கள்? பயிற்சிச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, பணி அனுபவச் சான்று. இரண்டும் அவர் பையிலேயே இருந்தன. அன்று மதியமே டிராம் பிடித்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.