தாராவி மாலை வகுப்பில் மருந்துச் சீட்டு

தாராவியில் தமிழ்ப் பெண்களுக்கு மாலை நேர எழுத்தறிவு வகுப்பு எடுக்கிறேன். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். இட்லி விற்பவர்கள், தையல் வேலைக்குப் போகிறவர்கள். அ, ஆ-வைவிட அவர்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது பையில் கிடக்கும் மாத்திரை அட்டையைப் படிப்பதுதான். அதில் தமிழ் இருக்காது. ஆனால் எண்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்தே தொடங்குகிறேன். சீட்டில் 1-0-1 என்றிருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. பிறகு காலாவதி மாதம், வருஷம். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது. ஆன்டிபயாடிக் அட்டைகளில் இந்தக் கோட்டைக் கவனிக்கச் சொல்லி மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் பிரசாரமே தொடங்கியது. எழுத்தே தெரியாதவருக்கும் உதவும் அடையாளம் அது. எந்த மருந்துக்கடையிலும் இதை யாரும் எடுத்துச் சொன்னதில்லை என்கிறார்கள் இவர்கள்.

"புரிஞ்சுதா?" என்றால் வகுப்பே தலையாட்டும். டாக்டர் முன்னாலும் அப்படித்தான், திருப்பிக் கேட்டால் திட்டுவாரோ என்ற பயம். அதனால் நான், "வீட்டுல மருமகளுக்கு எப்படிச் சொல்லுவீங்க, சொல்லுங்கக்கா" என்பேன். வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பற்றிய பாடத்தன்று ஒரு அக்கா, "ஒரு டம்ளர் தண்ணில பாதிப் பொட்டலம் போட்டுக் குடுப்பேன் டீச்சர். தண்ணி கூடுனா சத்து போயிரும்லா?" என்றார். பேரப்பிள்ளை சீக்கிரம் தேற வேண்டுமே என்ற தவிப்பில் செய்வது. ஆனால் அந்தப் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு உரியது. கெட்டியாகக் கரைத்தால் குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறி ஆபத்தாகிவிடும். அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. ஒரு லிட்டர் பாட்டிலைக் கொடுத்து, முழுப் பொட்டலத்தையும் அவரையே கரைக்கச் சொன்னேன். 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்பதை மற்றவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்தார்.

காசநோய்ப் பாடம் இன்னும் கடினம். வழக்கமான சிகிச்சை 6 மாதம். இருமல் நின்றதுமே பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். நோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனதையும் பாடத்தில் சேர்த்திருக்கிறேன். கூலியை இழந்து நிற்பவரிடம் மாத்திரையைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமில்லை.

இப்போது டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒத்திகை பார்க்கிறோம். எனக்கு என்ன நோய்? எத்தனை நாள் மருந்து? என்ன ஆனா உடனே திரும்பி வரணும்? மும்பை ஆஸ்பத்திரி என்பதால் மூன்றையும் இந்தியில் கேட்டுப் பழகுகிறார்கள். மூன்றாவதற்குத்தான் இன்னும் பலர் தயங்குகிறார்கள். அடுத்த வாரமும் அதையே எடுக்கப் போகிறேன்.