துடுப்படி பட்டதா என்று யார் எழுதுவது? – மார்ச் 2025 குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

புது ஆட்டம் தொடக்கம்: ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, இணையத்தில் மாறி மாறிப் பதிவு எழுதிக் கதையை நகர்த்தும் ஆட்டம். களம்: 1842, சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரம். அங்கிருந்த கல்வெட்டுப் பாறையை 1843-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு ஒன்று இப்போது தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. ஆட்டத்தில், தகர்ப்பதற்குள் பாறையின் எழுத்தைப் படியெடுத்தாக வேண்டும். ஆட்டக்காரர் நால்வர்: மூவர் இங்கே சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். அன்றன்று பதிவு எழுதி முடிக்கக் கெடு இங்கே இரவு 10.30, அங்கே 8 மணி.

முதல் வாரம் பகடை கிடையாது. ஆனாலும் ஒரு விதி உண்டு: உங்கள் கேரக்டர் எதை முயல்கிறது என்பதோடு நிறுத்துங்கள். அடுத்தவர் கேரக்டருக்கு என்ன ஆயிற்று என்பதை அவர்தான் எழுதுவார்.

தவறு: ‘முத்து துடுப்பை வீசினான். சிப்பாயின் மண்டை பிளந்தது, ஆற்றில் விழுந்தான்.’

சரி: ‘முத்து சிப்பாயின் தோளைக் குறிவைத்துத் துடுப்பை வீசினான். தொங்கான் படகு ஆடியதில் முத்துவின் இடது கால் சறுக்கியது.’

அந்தச் சறுக்கல் அழகுக்காக இல்லை. எதிராளி அடி வாங்கலாம், விலகலாம், சறுக்கிய காலைப் பிடித்து இழுக்கலாம். மூன்று வழி திறந்து கொடுத்தால் பதில் அன்றே வந்துவிடும்.

மார்ச் 6, வியாழன்

எதிர்பார்த்த நோய் வந்தாயிற்று: யாருக்கும் கீறல்கூட விழவில்லை. எல்லா அடிக்கும் எல்லாரும் விலகுகிறார்கள். மருந்து: மூன்று அடியில் ஒன்றையாவது வாங்கியே தீர வேண்டும். எது என்பது அவரவர் விருப்பம்.

இன்னொன்று, அடுத்தவர் பதிவில் வாசித்த ரகசியம் உங்கள் கேரக்டருக்கும் தெரிந்துவிடுவது. ‘இது இவனுக்கு எப்படித் தெரியும்?’ என்று கதைக்கு வெளியே உள்ள சேனலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த வரியை நீக்குங்கள். கதைக்குள் சண்டை போட்டுத் தீர்க்கப் பார்த்தால் ஆட்டமே நாறிவிடும்.

மார்ச் 11, செவ்வாய்

இந்த வாரம் கனமான விதிகள். கதையை நிறுத்திவிட்டு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்புக் (2014) கணக்கில் ஒரு சோதனைச் சண்டை. எதிரி கோப்ளின் என்ற குட்டிப் பூதம். அடி பட அதன் தற்காப்பு 15-ஐ எட்ட வேண்டும், சாய்க்க 7 உயிர்ப்புள்ளி போக வேண்டும். தாக்குபவர் பகடையோடு 5 கூட்டலாம் என்றால் இருபது முகப் பகடையில் 10-உம் மேலும் விழ வேண்டும்: 55%. சேதம் எட்டு முகப் பகடையோடு 3. ஒரே அடியில் சாய்க்கும் வாய்ப்பு, 20 விழுந்தால் சேதப் பகடை இரட்டிப்பதையும் சேர்த்து, சுமார் 36%.

நேரில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடினால் அரை நிமிட வேலை. எழுத்தில் வரிசைப்படி ஆளுக்கொரு நாள், ஆட்டத்தை நடத்தும் ஜி.எம்.முக்கு ஒரு நாள் என்றால் ஒரு சுற்றுக்கு 5 நாள், நான்கு சுற்றுக்கு 20 நாள். விதி எத்தனை பக்கம் என்பது பிரச்சினையே இல்லை. ஒரு செயல் முடிவதற்குள் எத்தனை முறை அடுத்தவருக்காகக் காத்திருக்கிறோம், அதுதான் கணக்கு.

காத்திருப்பைக் குறைக்க:

நால்வரும் ஒரே அணி. 24 மணி நேரத்துக்குள் யார் முதலில் எழுதினாலும் சரி. தாக்குதல் பகடையையும் சேதப் பகடையையும் ஒன்றாக உருட்டிவிடுங்கள். ‘இவன் ஏற்கெனவே விழுந்திருந்தால் பக்கத்தில் நிற்பவன்’ என்று மாற்று இலக்கையும் எழுதுங்கள். எதிரி விலகி ஓடினால் வெட்டுவீர்களா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 10.30-க்கு ஜி.எம். எல்லாவற்றையும் ஒரே பதிவில் தீர்ப்பார். 20 நாள் சண்டை 4 நாளில் முடியும்.

டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் எழுதுபவர்களுக்கு: இலவசக் கணக்கில் ஒரு செய்திக்கு 2,000 குறி. புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறி. ‘தொங்கான்’ கண்ணுக்கு நான்கு எழுத்து, கணக்குக்கு எட்டு. ஆங்கில அளவை மனத்தில் வைத்து எழுதினால் பாதியில் முட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

நடுவழி, எங்களுக்குப் பிடித்தது: ஆறுமுகப் பகடை இரண்டு. (முருகா!) இரண்டின் கூட்டுத்தொகை 10-உம் மேலும் விழுந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை நடக்கும், ஆனால் ஏதாவது பறிபோகும். 6-உம் கீழும் ஜி.எம். கையில். கூட்டல் இல்லாவிட்டால் பகடை விழக்கூடிய 36 விதத்தில் இந்த மூன்றுக்கும் முறையே 6, 15, 15. +1 இருந்தால் 10, 16, 10. ஒரு புள்ளிக்கு இவ்வளவு மாற்றம் என்பதால் +3-க்கு மேல் தராதீர்கள். தந்தால் தோல்வியே அரிதாகிவிடும்.

தோற்றாலும் எழுத விஷயம் இருக்கிறதா? இருந்தால் மட்டும் உருட்டுங்கள். பூட்டைத் திறக்கத் தவறினால் கதை அங்கேயே நிற்கும் என்றால் பகடை வேண்டாம், திறந்துவிடுங்கள். இன்னொரு ஆட்டக்காரரின் கேரக்டரைப் பேசி மசிய வைக்கவும் பகடை கூடாது. அங்கே பழைய விதிதான்.

மார்ச் 24, திங்கள்

ஒருவருக்கு ரிசர்விஸ்ட் (தேசிய சேவையின் ராணுவ மறுபயிற்சி), இரண்டு வாரம். 48 மணி நேரம் பதில் இல்லாத கேரக்டர் பின்னால் நகரும். அடிபடாது, சாகாது, பொருளும் இழக்காது. திரும்பி வந்தவர் ஒரே வரியில் நுழையலாம்.

இன்றைய நிலவரம்: முத்து ஆற்றில் குதித்தான். பகடை 5, 3, மொத்தம் 8. கரை சேர்ந்தான். இடுப்பில் செருகியிருந்த படித்தாளில் மேல் மூன்று வரி மை கரைந்துவிட்டது.